டல்லஸ் அவசரப் பிரிவில் ஒரு செப்டம்பர் இரவு: மின்னணு மருத்துவப் பதிவேடு பற்றிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் டல்லஸ் நகரில் 2014-ல் நடந்த நிகழ்வு இது. எபோலா என்ற உயிர்க்கொல்லி வைரஸ் நோயோடு வந்த ஒருவரை, அவருடைய பயணத் தகவல் பதிவேட்டில் இருந்தும், ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அப்போது செய்திகளில் விரிவாகப் பேசப்பட்டது. அந்த மருத்துவமனை அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடம் கொடுத்த காலவரிசையும் வாக்குமூலமும் பொதுவெளியில் இருப்பதால், என்ன நடந்தது என்பதை மணிவாரியாகப் பின்தொடர முடிகிறது. நோயாளி, நர்ஸ்கள், டாக்டர்கள் யாருடைய பெயரும் இங்கே வேண்டாம். யார் என்பதைவிட, எந்தத் தகவல் எங்கே நின்றுபோனது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

பின்னணி

2014-ன் நடுப்பகுதியில் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மூன்று நாடுகளில் எபோலா பரவிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 8 அன்று உலக சுகாதார நிறுவனம் அதைச் சர்வதேசப் பொதுச் சுகாதார நெருக்கடி என்று அறிவித்தது. அதற்கு முன்பே, ஜூலை 28-ல், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. நாடு முழுவதும் உள்ள மருத்துவமனைகளுக்கு எச்சரிக்கை அனுப்பியிருந்தது. சில நாட்களில் வந்த வழிகாட்டுதலின் சாரம் எளிமையானது: காய்ச்சலோடு வருபவரிடம் கடந்த 21 நாட்களில் எங்கே போய் வந்தார் என்று கேளுங்கள். டல்லஸ் மருத்துவமனைக்கும் இது வந்து சேர்ந்திருந்தது; ஆகஸ்ட் தொடக்கத்திலேயே அவசரப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு மின்னஞ்சலும் போயிருந்தது.

ஆக, எச்சரிக்கை வரவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மின்னஞ்சல் வழியே வந்த எச்சரிக்கை, நள்ளிரவுப் பணியில் இருப்பவர் கண்ணெதிரே உள்ள ஸ்கிரீனுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

அந்த ஸ்கிரீன் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2009-ல் ஹைடெக் சட்டம் வந்த பிறகு, அரசின் ஊக்கத்தொகை காரணமாக அமெரிக்க மருத்துவமனைகள் வேகவேகமாக மின்னணுப் பதிவேட்டுக்கு மாறின. அதனால் கிடைத்த நன்மைகள் நிறைய. ஆனால் அவசரப் பிரிவில் அதற்கு ஒரு விலையும் இருந்தது. 2013-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரு சமுதாய மருத்துவமனையின் அவசரப் பிரிவு டாக்டர்களைக் கூடவே இருந்து கவனித்தார்கள். பணிநேரத்தில் சுமார் 43 சதவீதம் தகவல் பதிவு செய்வதிலும், 28 சதவீதம் மட்டுமே நோயாளியை நேரடியாகக் கவனிப்பதிலும் போனது. கூட்டம் அதிகமான 10 மணி நேர ஷிஃப்டில் ஒரு டாக்டரின் மவுஸ் க்ளிக்குகள் 4,000-ஐ நெருங்கின. டல்லஸ் இரவைப் படிக்கும்போது இந்த எண் மனதில் இருக்கட்டும்.

முதல் வருகை: செப்டம்பர் 25 இரவு

நோயாளி நாற்பதுகளில் இருந்த லைபீரியர். செப்டம்பர் 20 அன்று உறவினர்களைப் பார்க்க டல்லஸ் வந்தவர். நான்கு நாளில் உடம்பு சரியில்லாமல் போனது. 25-ம் தேதி இரவு பத்தரை மணிக்குச் சற்றுப் பிறகு அவசரப் பிரிவுக்கு வந்தார்.

வருபவர்களின் அவசர நிலையை முதலில் மதிப்பிடும் டிரையாஜ் நர்ஸ் பார்த்தபோது மணி பதினொன்றரையைத் தாண்டியிருந்தது. வயிற்று வலி, தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல். உடல் வெப்பம் 100.1 டிகிரி. இரவு நேர அவசரப் பிரிவில் இப்படி வருபவர்கள் ஏராளம். உடனே அலற வைக்கும் எதுவும் இதில் இல்லை.

நள்ளிரவு கடந்ததும் அவரை உள்ளே படுக்கைக்கு அழைத்துப்போன பிறகு, இன்னொரு நர்ஸ் விரிவாக விவரம் கேட்டார். அப்போது பயணக் கேள்வியும் வந்தது. பதிவேட்டில் அவர் எழுதியது இவ்வளவுதான்: ஆப்பிரிக்காவிலிருந்து 9/20/14 அன்று வந்தார்.

நாட்டின் பெயர் இல்லை. தேதி இருக்கிறது, கண்டம் இருக்கிறது. இந்தத் தகவலை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று மென்பொருளே நர்ஸுக்கு நினைவூட்டியது. ஆனால் அது சொல்லப்படவில்லை என்று மருத்துவமனை பின்னால் கொடுத்த காலவரிசை கூறுகிறது.

டாக்டர் பதிவேட்டைப் பார்த்தார், நோயாளியிடமும் பேசினார். அவருடைய குறிப்பின்படி நோயாளி உள்ளூரில் வசிப்பவர். நோயுற்ற யாரோடும் தொடர்பில் இல்லாதவர். அந்த அறையில் என்ன கேட்கப்பட்டது, என்ன பதில் வந்தது என்பதை இன்று வெளியிலிருந்து தீர்மானிக்க முடியாது. ஒன்று மட்டும் சொல்லலாம். ஒரே நோயாளி, ஒரே இரவு, ஒரே பதிவேடு. அதன் ஒரு பக்கத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து ஐந்து நாள் முன்பு வந்தவர், இன்னொரு பக்கத்தில் உள்ளூர்வாசி. இரண்டும் மோதுகின்றன என்று மென்பொருள் சொல்லவில்லை. அதற்கு அப்படிச் சொல்லத் தெரியாது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

டாக்டர் அலட்சியமாக இருந்தார் என்று சொல்வது எளிது. பதிவைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. ரத்தப் பரிசோதனைகள் செய்தார்கள். குடல்வால் அழற்சி, பக்கவாதம் போன்ற ஆபத்தான காரணங்கள் இல்லை என்று உறுதிசெய்ய சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். தலைவலியும் வயிற்று வலியுமாக வந்த நடுத்தர வயதுக்காரருக்கு அவசரப் பிரிவு வழக்கமாகக் கேட்கும் கேள்வி 'இதில் உயிருக்கு ஆபத்தானது எது?' என்பது. அந்தக் கேள்விக்கு அவர்கள் வரிசையாக விடை தேடினார்கள். எதுவும் பெரிதாக அகப்படவில்லை. கடைசியில் சைனஸ் அழற்சி என்று முடிவு செய்து, ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்கள்.

பயணத் தகவல் டாக்டர் காதில் விழுந்திருந்தால்? எபோலா உடனே நினைவுக்கு வந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. அமெரிக்க மண்ணில் அதுவரை யாருக்கும் அந்த நோய் கண்டறியப்படவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் மலேரியாதான் முதலில் தோன்றியிருக்கும் என்பது என் கணிப்பு. ஆனால் அது போதும். மலேரியாவைத் தேடத் தொடங்கியிருந்தால் 'எந்த நாடு, யாரோடு இருந்தீர்கள், அங்கே யாருக்காவது உடம்பு சரியில்லையா' என்ற கேள்விகள் தானாக வந்திருக்கும். அப்புறம் வீட்டுக்கு அனுப்பும் பேச்சே எழுந்திருக்காது.

இதுவரை சொன்னதுதான் செய்திகளில் அதிகம் அடிபட்டது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அதிகாலை 3 மணிக்கு நடந்தது.

அந்த நேரத்தில் அவருடைய காய்ச்சல் 103 டிகிரி. பதிவேடு அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் போட்டிருந்தது. வலி எவ்வளவு என்று கேட்டபோது பத்துக்கு எட்டு என்று சொல்லியிருந்தார். அரை மணி நேரத்தில் மீண்டும் எடுத்தபோது 101.2. மூன்றரை மணி தாண்டியதும் டிஸ்சார்ஜ். டாக்டரின் குறிப்பில் நோயாளி நிலை சீராக இருப்பதாக எழுதப்பட்டிருந்தது. அந்த 103 டிகிரி தன் கவனத்துக்கு வரவில்லை என்று அந்த டாக்டர் பின்னாளில் ஒரு நாளிதழுக்கு எழுத்து மூலம் தெரிவித்தார். பயணக் குறிப்பையும் தான் பார்க்கவில்லை என்றார்.

பயணத் தகவல் ஒதுக்குப்புறமான பகுதியில் இருந்தது என்று வாதாடலாம். உடல் வெப்பத்துக்கு அந்த வாதம் பொருந்தாது. அது எல்லாரும் பார்க்கும் இடத்தில், எச்சரிக்கைக் குறியோடு இருந்தது. வந்தபோது இருந்ததைவிடக் காய்ச்சல் ஏறிய நிலையில் ஒருவர் வாசலைத் தாண்டிப் போகிறார். அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் அவரை நிறுத்தி வைக்கும் வேலை யாருடையது என்பதே தெளிவாக இல்லை. பயணக் கேள்வியை மட்டும் சரிசெய்தால் போதும் என்று நினைத்தவர்கள் இந்தப் பாதியைத் தவறவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இரண்டாம் வருகையும் விளைவும்

செப்டம்பர் 28 காலை அதே நோயாளி ஆம்புலன்ஸில் வந்தார். இந்த முறை நிலைமை மோசம். அவரைப் பார்த்த டாக்டர் லைபீரியாவிலிருந்து வந்தவர் என்பதைச் சீக்கிரமே கேட்டறிந்து, எபோலா இருக்கலாம் என்று சந்தேகித்துத் தனிமைப்படுத்தினார். 30-ம் தேதி பரிசோதனை முடிவு அதை உறுதி செய்தது. அமெரிக்காவுக்குள் கண்டறியப்பட்ட முதல் எபோலா நோயாளி அவர்தான். சோதனை நிலையில் இருந்த ஒரு வைரஸ் எதிர்ப்பு மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். அக்டோபர் 8 அன்று இறந்தார்.

அவரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ்களில் இருவருக்கு நோய் தொற்றியது. ஒருவருக்கு அக்டோபர் 12-லும், மற்றவருக்கு 15-லும் உறுதியானது. இருவரும் பிழைத்தார்கள். இது முதல் வருகையின் விளைவு அல்ல. அனுமதித்த பிறகு பாதுகாப்பு உடையிலும் பயிற்சியிலும் இருந்த குறைகள் சம்பந்தப்பட்டது. தனி ஆய்வுக்குரிய விஷயம் என்பதால் இங்கே நீட்டவில்லை.

வீடு திரும்பியிருந்த அந்த இரண்டு நாட்களுக்குச் சற்று மேலான காலத்தில் அவரோடு புழங்கியவர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் உட்பட 48 பேரைக் கண்காணித்தார்கள். யாருக்கும் நோய் வரவில்லை. கூடவே ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கும் வரவில்லை. அந்த அளவில் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் இரவே அனுமதித்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? தெரியாது. அந்தப் பரவலின்போது அமெரிக்காவில் சிகிச்சை பெற்ற 11 பேரில் 9 பேர் பிழைத்தார்கள். இறந்த இருவரில் இவர் ஒருவர். பிழைத்தவர்களில் பலருக்குச் சிகிச்சை சீக்கிரமே தொடங்கியது. இதற்கு மேல் எண்களை இழுக்கக் கூடாது.

ஒரே வாரத்தில் இரண்டு விளக்கங்கள்

அக்டோபர் 2 அன்று மருத்துவமனை ஓர் அறிக்கை வெளியிட்டது. டாக்டரும் நர்ஸ்களும் நடைமுறையைச் சரியாகவே பின்பற்றினார்கள். பதிவேட்டில் நர்ஸ் பகுதியும் டாக்டர் பகுதியும் ஒன்றோடொன்று இணைந்த விதத்தில்தான் குறை என்றது. பயணக் கேள்வி நர்ஸ் பகுதியில் இருந்ததற்கு அது சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. டாக்டரின் பொது ஆணையின் பேரில் நர்ஸ்களே ஃப்ளூ தடுப்பூசி போடுவதற்கான நடைமுறையில் ஒரு பகுதியாக அது வடிவமைக்கப்பட்டதாம். அதனால் டாக்டர் வழக்கமாகப் பார்க்கும் பகுதியில் அது தானாக வந்து நிற்காது.

மறுநாள் இரவே இன்னோர் அறிக்கை வந்தது: பயணத் தகவல் டாக்டர் பகுதி உட்பட எல்லாருக்கும் கிடைக்கும்படியே இருந்தது, பதிவேட்டில் குறை எதுவும் இல்லை.

பத்திரிகைகள் இதை அந்தர் பல்டியாகப் பார்த்தன. மென்பொருள் வேலை பார்ப்பவர்களுக்கு இரண்டு அறிக்கையும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம் என்பது புரியும். டேட்டாபேஸில் இருக்கிறது, தேடினால் திறக்கும். ஆனால் தேட வேண்டும் என்று தோன்றினால்தானே திறப்பார்? அந்தக் கேள்வியைத் தடுப்பூசிக்காக வைத்தவர்கள் யாரும் அதன் விடை ஒருநாள் நோய் கண்டறிதலைத் திருப்பிப்போடும் என்று நினைத்து வைக்கவில்லை. ஒரு வேலைக்காகச் சேகரித்த தகவல் அந்த வேலைக்கான இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. மருத்துவப் பதிவேடுகளில் இப்படி உட்கார்ந்திருக்கும் தகவல்கள் எத்தனையோ.

அக்டோபர் 16 அன்று நாடாளுமன்றக் குழு முன் மருத்துவமனைக் குழுமத்தின் தலைமை மருத்துவ அதிகாரி, முதல் சிகிச்சையில் தவறுகள் நேர்ந்ததை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார்.

அதே மாதம் 'டயக்னோசிஸ்' என்ற ஆய்விதழில் டீன் சிட்டிக், ஹர்தீப் சிங் உள்ளிட்ட மூவர் இந்த நிகழ்வை அலசி எழுதினார்கள். மருத்துவப் பிழைகளையும் மென்பொருள் பாதுகாப்பையும் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருபவர்கள் இவர்கள். மென்பொருள் மேல் மட்டும் பழிபோடுவதை அவர்கள் ஏற்கவில்லை. மென்பொருள், ஸ்கிரீன் வடிவமைப்பு, அதைப் பயன்படுத்தும் ஆட்கள், வேலை ஓட்டம், நிறுவனத்தின் கொள்கை எல்லாம் சேர்ந்துதான் ஒரு பிழையை உண்டாக்குகின்றன என்பது சிட்டிக்கும் சிங்கும் 2010-லேயே முன்வைத்த பார்வை. டல்லஸ் அதற்குக் கச்சிதமான உதாரணமாக அமைந்துவிட்டது. மருத்துவமனை நியமித்த வெளி நிபுணர் குழுவின் அறிக்கை 2015 செப்டம்பரில் வெளியானது. பணியாளர்களுக்கிடையே தகவல் கைமாறியதில் இருந்த ஓட்டைகளை அதுவும் சுட்டிக்காட்டியது.

என்ன மாறியது

மருத்துவமனை, பயணக் கேள்வியை நோயாளி வந்ததும் முதலில் சந்திக்கும் இடத்துக்கு நகர்த்தியது. விடை எல்லாப் பணியாளர்கள் பார்வையிலும் படும்படி பதிவேட்டை மாற்றியது. சி.டி.சி. அவசரப் பிரிவுகளுக்காக ஒரு மூன்று படி வழிமுறையை வெளியிட்டது: அடையாளம் காண், தனிமைப்படுத்து, தகவல் சொல். நாடெங்கும் மருத்துவமனைகள் வாரக்கணக்கில் தங்கள் மென்பொருளில் பயண எச்சரிக்கைகளைச் சேர்த்தன. லைபீரியா என்று தேர்ந்தெடுத்தால் அடுத்த பக்கம் போக விடாமல் நிறுத்தும் ஏற்பாடு சில இடங்களில் வந்தது.

இதில் பயணக் கேள்வியை வாசலுக்குக் கொண்டுவந்தது நல்ல மாற்றம், மறுபேச்சில்லை. எச்சரிக்கைகளைக் கூட்டியது பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மருந்து எச்சரிக்கைகள் பற்றி 2006-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, ஆய்வுக்கு ஆய்வு 49 முதல் 96 சதவீதம் வரை டாக்டர்கள் அவற்றைத் தள்ளிவிட்டுப் போவதாகக் கண்டது. டல்லஸில் 103-க்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி இருக்கத்தான் செய்தது.

இனி எப்படிச் செய்யலாம்

முதலாவது டிஸ்சார்ஜ் சமயம். நோயாளி கிளம்பும் முன் கடைசியாக எடுத்த உடல் வெப்பம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு வேகம் ஆகியவற்றை வந்தபோது எடுத்ததோடு ஒரே வரியில் வைத்துக் காட்டுவது பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஏறியிருந்தால் ஏன் அனுப்புகிறோம் என்று டாக்டர் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். எல்லா நோயாளிகளுக்கும் இது குறுக்கே வராது என்பதால் சலிப்பு உண்டாக வாய்ப்புக் குறைவு. எந்த நோய் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இதில் இல்லை.

இரண்டாவது, நர்ஸும் டாக்டரும் பேசுவது. மென்பொருள் வருவதற்கு முன் காகித அட்டையைக் கையில் கொடுக்கும்போது 'டாக்டர், இவர் ஊரிலிருந்து இப்பத்தான் வந்திருக்கிறார்' என்ற ஒரு வார்த்தையும் கூடப் போகும். தட்டச்சு செய்துவிட்டால் சொன்னதாகிவிட்டது என்ற எண்ணம் ஸ்கிரீனோடு சேர்ந்து வந்தது. 'டாக்டரிடம் சொல்லவும்' என்று நர்ஸுக்கு நினைவூட்டினால் மட்டும் போதாது. சொல்லப்பட்டதா என்று டாக்டர் பக்கமும் கேட்க வேண்டும். இருவரும் ஒரு நிமிடம் படுக்கையருகே சேர்ந்து நின்றால் இன்னும் நல்லது. ஆள் பற்றாக்குறை உள்ள இரவில் அந்த ஒரு நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்பதை நிர்வாகம்தான் சொல்ல வேண்டும். நர்ஸ் தலையில் கட்டக் கூடாது.

மூன்றாவது கொஞ்சம் சிக்கலானது. 'ஆப்பிரிக்கா' என்று எழுத விட்டது தவறு, நாட்டுப் பட்டியல் கொடுத்திருக்க வேண்டும் என்று பலர் சொன்னார்கள். சரி, 2014-க்கு அது பொருந்தும். ஆனால் பட்டியல் போட்டவுடன் அதைப் புதுப்பிக்கும் பொறுப்பு ஒருவருக்கு வர வேண்டும். பட்டியலில் இல்லாதவரை என்ன செய்வது என்பதற்கும் வழி வேண்டும். 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கடுமையான மூச்சுத்திணறலோடு ஒரு நோயாளி மாற்றப்பட்டு வந்தார். டாக்டர்கள் கோவிட் என்று சந்தேகித்து உடனே பரிசோதனை கேட்டார்கள். சீனாவுக்குப் போய்வந்தவரும் இல்லை, நோய் உறுதியான யாரோடும் தொடர்பும் இல்லை, அப்போதிருந்த சி.டி.சி. விதிக்குள் அவர் வராததால் பரிசோதனை சில நாட்கள் தள்ளிப்போனது. பிப்ரவரி 26 அன்று முடிவு வந்தபோது, எங்கிருந்து தொற்றியது என்றே தெரியாத, அமெரிக்காவில் முதலில் அறியப்பட்ட சமூகப் பரவல் நோயாளியாக அவர் ஆனார். டல்லஸில் பயணக் கேள்விக்கு விடை இருந்தும் யாரும் பார்க்கவில்லை. கலிபோர்னியாவில் எல்லாரும் பார்த்தார்கள், அதன் விடையைக் கொண்டே காத்திருக்கச் சொன்னார்கள்.